ராஜா வீட்டு வாசலில் திரும்பி வராமல் இருக்க: திருமயம், கானாடுகாத்தான், ஆத்தங்குடி ஒரு நாள் பயணம்

நான் வேலைக்காகக் காரைக்குடிக்குக் குடிவந்தவன். வந்த மூன்றாவது மாதமே கல்லூரி நண்பர்கள் ஐந்து பேர் கிளம்பி வந்துவிட்டார்கள். "செட்டிநாட்டு அரண்மனையைக் காட்டுடா, அது போதும்" என்றார்கள். எனக்கும் ஊர் புதிது என்பதை வெளியே சொல்லிக்கொள்ளவில்லை. காலை 10:30-க்கு நிதானமாகக் கிளம்பிக் கானாடுகாத்தான் ராஜா வீட்டு வாசலில் போய் இறங்கினோம்.

"அண்ணே, உள்ளே பார்க்கலாமா?"

"இல்ல தம்பி. வெளிய நின்னு படம் எடுத்துக்கங்க."

சரி, கோட்டைக்குப் போவோம் என்று திருமயம் போனால் மணி 12:15. கோயில் நடை சாத்தியாகிவிட்டது. கோட்டையில் ஏறியபோது உச்சி வெயில். மார்கழியிலும் பாறை சுட்டது. இறங்கிச் சாப்பிடப் போனபோது மூன்று மணி, சாப்பாடு தீர்ந்து பரோட்டாதான் இருந்தது. ஆத்தங்குடிக்குப் போய்ச் சேர்ந்தபோது, பூப்போட்ட தரைக்கல் செய்யும் பட்டறையில் வேலை முடித்துக் கைகால் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

இத்தனைக்கும் இந்த இடங்கள் எல்லாம் ஒன்றுக்கொன்று அரை மணி நேரத் தூரம்தான். தப்பு வரிசையில் இருந்தது. மாசியில் இன்னொரு கூட்டம் வந்தபோது அதே இடங்களை வேறு வரிசையில் காட்டினேன், ஒன்றும் விடுபடவில்லை. அந்த வரிசையைத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

1. எந்த 'அரண்மனை' என்பதை முதலில் தீர்மானியுங்கள்

செட்டிநாட்டு அரண்மனை என்று தேடினால் மூன்று வெவ்வேறு இடங்களின் படங்கள் கலந்து வரும். பாதிக் குழப்பம் அங்கேயே தொடங்குகிறது.

கானாடுகாத்தான் ராஜா வீடு: செட்டிநாட்டு ராஜா குடும்பத்தின் சொந்த வீடு. தனியார் சொத்து. உள்ளே போய்ப் பார்க்கலாம் என்ற நம்பிக்கையோடு போகாதீர்கள். முகப்பையும் மாடத்தையும் தெருவில் நின்று பார்ப்பதே உறுதியானது.

ஆத்தங்குடி 'அரண்மனை': இது அரசர் வீடு அல்ல, நகரத்தார் வீடு. ஊரில் பெரிய வீடு என்றும் லட்சுமி வீடு என்றும் சொல்வார்கள். கட்டணம் கொடுத்து உள்ளே பார்க்கலாம். சமூக ஊடகத்தில் நீங்கள் பார்த்த வண்ணக் கூரைப் படம் பெரும்பாலும் இந்த வீட்டில் எடுத்ததாக இருக்கும்.

திருமயம் கோட்டை: நிஜமாகவே அரசர் கட்டியது இந்த மூன்றில் இது ஒன்றுதான். ராமநாதபுரம் சேதுபதி 1687-ல் கட்டினார். இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. ஊமைத்துரையை நினைத்து ஊமையன் கோட்டை என்றும் சொல்வார்கள். வழி கேட்கும்போது அந்தப் பெயர் காதில் விழுந்தால் வேறு கோட்டை என்று நினைத்து முழிக்க வேண்டாம். நிர்வாகக் கணக்கில் புதுக்கோட்டை மாவட்டம். காரைக்குடியிலிருந்து சுமார் 20 கிலோமீட்டர்.

கோட்டை காலையில், வீடுகள் பிற்பகலில். வீட்டில் கூரை இருக்கிறது, கோட்டையில் இல்லை. மற்ற ஏற்பாடு எல்லாம் இதைச் சுற்றித்தான்.

2. தேதி

கார்த்திகை முதல் மாசி வரை நல்லது. சித்திரை, வைகாசியில் வந்தே தீர வேண்டும் என்றால் கோட்டையைப் பத்தரைக்குள் முடித்துவிடுங்கள்.

முகூர்த்த நாளில் வராதீர்கள். செட்டிநாட்டுப் பெரிய வீடுகளில் பல, ஆண்டு முழுக்கப் பூட்டியிருந்து கல்யாணத்துக்கும், முன்னோருக்குப் படையல் போடும் படைப்புக்கும்தான் திறக்கும். பங்காளிகள் எல்லோரும் வந்து, வளவு (வீட்டின் நடு முற்றப் பகுதி) நிறையச் சமையல் நடக்கும்போது சுற்றிப் பார்க்க உள்ளே விட மாட்டார்கள்; விடச் சொல்லி நிற்பதும் நமக்கு அழகல்ல. அது போக சினிமா ஷூட்டிங். ஷூட்டிங் நடக்கும் நாளில் ஆத்தங்குடி வீட்டில் நுழைவு கிடைக்காமல் போகலாம். முதல் நாள் மாலை ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள், இரண்டு நிமிட வேலை. கல் பட்டறை பார்க்க ஆசை இருந்தால் ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்து வேலை நாளாகப் பார்த்து வாருங்கள். பட்டறையில் ஆள் இல்லாவிட்டால் அடுக்கி வைத்த கல்லைத்தான் பார்க்க முடியும்.

3. ரயில், பஸ், வண்டி

ரயில் டிக்கெட்டைக் காரைக்குடிக்கு எடுங்கள். செட்டிநாடு என்ற பெயரிலேயே ஒரு ஸ்டேஷன் இருக்கிறது, கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில். பெயரைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். எல்லா விரைவு வண்டியும் அங்கே நிற்காது, இறங்கினாலும் வண்டி பிடிப்பது சிரமம்.

முன்பதிவு 60 நாளுக்கு முன்பே திறந்துவிடும். ஆறு பேருக்குச் சேர்ந்து இடம் வேண்டுமென்றால், "எல்லோரும் லீவு கேட்டுச் சொல்லுங்கடா" என்று குழுவில் பத்து நாள் பேசிக்கொண்டிருக்காமல் முதலில் போட்டுவிடுங்கள். தட்கல் முதல் நாள் காலை 10 மணிக்கு ஏசி வகுப்புக்கும் 11 மணிக்குப் படுக்கை வகுப்புக்கும் திறக்கும். 2025 ஜூலையிலிருந்து இணையத்தில் தட்கல் போட, கணக்கில் ஆதார் சரிபார்ப்பு முடிந்திருக்க வேண்டும். இதை அன்று காலை 9:55-க்குக் கண்டுபிடித்த நண்பன் எங்கள் கூட்டத்தில் இருக்கிறான்.

சென்னையிலிருந்து வருபவர்களுக்கு இன்னொன்று. பல்லவன் எக்ஸ்பிரஸ் பிற்பகலில் சென்னையில் கிளம்பி இரவில் காரைக்குடி வரும். காரைக்குடியிலிருந்து விடியற்காலையில் திரும்பும். அதாவது அதில் வந்து அதிலேயே திரும்ப நினைத்தால் ஒரு நாள் பயணத்துக்கு இரண்டு இரவு தங்க வேண்டும். திரும்புவதற்கு ராமேஸ்வரத்திலிருந்து சென்னை போகும் இரவு வண்டிகளைப் பாருங்கள், அவை காரைக்குடி வழியாகத்தான் போகும்.

ஊருக்குள் சுற்றுவதற்கு நான்கு பேருக்கு மேல் இருந்தால் வாடகைக் காரே நல்லது. பேசும்போது நான்கு விஷயங்களைத் தனித்தனியாகக் கேளுங்கள்: நாள் வாடகையில் எத்தனை மணி நேரம், எத்தனை கிலோமீட்டர், டிரைவர் பேட்டா உண்டா, டோல் யார் கட்டுவது. முதல் தடவை நான் "மொத்தமா எவ்வளவுண்ணே?" என்று மட்டும் கேட்டேன். மாலையில் பேட்டா தனி, கூடுதல் மணி தனி என்று 900 ரூபாய் ஏறியது. அவர் மேல் தப்பில்லை, நான் கேட்கவில்லை. மஞ்சள் போர்டு வண்டியாகவே எடுங்கள். தெரிந்தவர் வெள்ளை போர்டு வண்டியைக் குறைந்த வாடகைக்குத் தருகிறேன் என்றால் வேண்டாம். வழியில் மடக்கினால் பயணம் அங்கேயே நின்றுவிடும், விபத்து என்றால் இன்ஷூரன்ஸ் சிக்கல்.

பஸ்ஸிலும் முடியும், இரண்டு மூன்று பேர் என்றால் அதுவே சுகம். காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை, திருச்சி பஸ்கள் திருமயம் வழியாகப் போகின்றன. ஏறும் முன் "திருமயம் ஊருக்குள்ள போகுமாண்ணே?" என்று கண்டக்டரைக் கேட்டுவிடுங்கள். பைபாஸில் இறக்கிவிட்டால் வெயிலில் நடை. அரசின் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆத்தங்குடி பக்கம் மட்டும் பஸ்ஸை நம்பி நேரம் போடாதீர்கள், ஆட்டோ பேசிவிடுங்கள்.

4. கையில் இருக்க வேண்டியவை

எல்லோரிடமும் ஓர் அசல் அடையாள அட்டை. ரயிலுக்கும் அறைக்கும் அது போதும்.

வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் நண்பர் கூட்டத்தில் இருந்தால் கவனம் வேண்டும். இந்தப் பக்கத்து வீடுகளில் பாதிக்கு மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் சொந்தம் இருப்பதால் இது அபூர்வமான நிலைமை இல்லை. கோட்டையில் இந்தியருக்கு 25 ரூபாய், இணையத்தில் எடுத்தால் 20. வெளிநாட்டவருக்கு 300, இணையத்தில் 250. 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். இலங்கை, நேபாளம் போன்ற சார்க் நாட்டவருக்கும், மியான்மர், தாய்லாந்து உள்ளிட்ட பிம்ஸ்டெக் நாட்டவருக்கும் இந்தியர் கட்டணம்தான், கடவுச்சீட்டைக் காட்ட வேண்டும். மலேசியா, சிங்கப்பூர் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் வெளிநாடுவாழ் இந்தியக் குடியுரிமை அட்டை, அதாவது ஓசிஐ அட்டை இருந்தால் இந்தியர் கட்டணமே போதும்.

எங்கள் ஈப்போ நண்பனிடம் அந்த அட்டை இருந்தது, காரைக்குடி அறையில், பெட்டிக்குள். தமிழில்தான் பேசினான், வேட்டிதான் கட்டியிருந்தான். கேட்டபோது மலேசியா என்று உண்மையைச் சொன்னான். 300 ரூபாய் கட்டினான். அன்று முழுக்க மற்றவர்கள் அவனை வெள்ளைக்காரன் என்றே கூப்பிட்டார்கள்.

பணமாக 50, 100 ரூபாய் நோட்டுகளில் ஆயிரம் ரூபாயாவது வைத்திருங்கள். வீடு பார்க்கும் இடங்களில் 500 ரூபாயை நீட்டிச் சில்லறைக்கு நிற்பது நேரக்கேடு. தொப்பி, ஆளுக்கு ஒரு லிட்டர் தண்ணீர், கழற்றி மாட்டச் சுலபமான செருப்பு. கோயிலுக்கும் வருபவர்கள் அரைக்கால் சட்டையில் வராதீர்கள்.

5. திருமயம் கோட்டை: காலை 9 மணி

காரைக்குடியில் 8:15-க்குக் கிளம்பினால் சரியாக இருக்கும். டிரைவர் கோட்டை பைரவர் முன்னால் வண்டியை ஓரம் கட்டினால் ஏன் என்று கேட்காதீர்கள். அந்தச் சாலையில் போகும் வண்டிகள் அங்கே நின்று ஒரு சிதறு தேங்காய் உடைத்துவிட்டுப் போவது வழக்கம். அதற்குப் பத்து நிமிடம் கணக்கில் வையுங்கள்.

உள்ளே போனதும் எல்லோரும் உச்சிக்கு ஓடுவார்கள். மேலே பீரங்கி இருக்கிறது, படம் எடுக்க நன்றாக இருக்கும், அதனால். நடுவழியில் பாறையில் குடைந்த சிறிய சிவன் சந்நிதி ஒன்று இருக்கிறது, இரும்பு ஏணியில் ஏறிப் பார்க்க வேண்டும். அதைப் பலரும் கவனிக்காமல் தாண்டிப் போகிறார்கள். ஏறும்போதே பாருங்கள். இறங்கும்போது ஏணிக் கம்பி சூடேறியிருக்கும். கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்துத்தான் நான் இறங்கினேன்.

மேலே கடை இல்லை, நிழலும் இல்லை. பாறை சரிவாக இருக்கும் இடங்களில் மழை பெய்த மறுநாள் வழுக்கும். போனில் படம் எடுக்கத் தடையில்லை. கேமரா முக்காலி (டிரைபாட்) வைத்து எடுக்க முன்அனுமதி வேண்டும், ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஒன்றரை மணி நேரம் தாராளம்.

6. கோயில்: 12 மணிக்கு முன்

கோட்டைப் பாறையின் அடியில் சத்தியமூர்த்திப் பெருமாள், சத்தியகிரீஸ்வரர் என்று இரண்டு குடைவரைக் கோயில்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. பெருமாள் கோயில் 108 திவ்ய தேசங்களில் ஒன்று. இரண்டுக்கும் வாசல் தனித்தனி. ஒன்றைப் பார்த்துவிட்டு முடிந்தது என்று வண்டியேறிவிடாதீர்கள். நண்பகலில் நடை சாத்தினால் மாலை நாலு மணி வாக்கில்தான் திறக்கும். கோட்டையை 10:30-க்கு முடித்தால் இரண்டையும் நிதானமாகப் பார்க்கலாம். பள்ளிகொண்ட பெருமாள் முன் கண் இருட்டுக்குப் பழக ஒரு நிமிடம் ஆகும். அதற்குள் நகர்ந்துவிட்டால் பாறையோடு பாறையாகச் செதுக்கியது தெரியாமலே போய்விடும்.

7. சாப்பாட்டை முதல் நாளே சொல்லுங்கள்

பழைய வீடுகளை விடுதியாக்கிய இடங்களில் இலை போட்டுச் செட்டிநாட்டு விருந்து கிடைக்கும். அங்கே தங்காதவர்களும் சாப்பிடலாம், ஆனால் முன்கூட்டிச் சொல்லியிருக்க வேண்டும், எத்தனை பேர், சைவமா அசைவமா என்பதோடு. விலை மெஸ்ஸைப் போலப் பல மடங்கு. ஓர் இடத்தில் நாங்கள் சொல்லாமல் போய் நின்றோம். இலை போட முடியாது என்றார்கள். இன்னோர் இடத்தில் சொல்லிவிட்டுப் போனோம், வரி தனி என்பதைப் பில்லில்தான் பார்த்தோம். வரி சேர்த்து எவ்வளவு என்று போனிலேயே கேளுங்கள்.

என் கட்சி மெஸ்தான். காரைக்குடியில் 12:45-க்குள் உட்கார்ந்துவிட்டால் எல்லா வகையும் இருக்கும், ஒன்றரைக்கு மேல் கோலா உருண்டை கிடைப்பது சந்தேகம். திருமயத்திலிருந்து காரைக்குடி போய்விட்டு மறுபடி கானாடுகாத்தானுக்குத் திரும்புவது சுற்றுதான், ஆனாலும் அரை மணி நேரத்துக்காக நல்ல சாப்பாட்டை விடுவானேன்.

8. கானாடுகாத்தான்: பிற்பகல் 2:30

ராஜா வீட்டு முகப்பைப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம் அதே தெருக்களில் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டும் வீட்டைக் கேட்டுப் போங்கள். காவல்காரரோ வீட்டுப் பெரியவரோ கூட வந்து காட்டுவார்கள். கடைசியில் கையில் ஏதாவது கொடுப்பது வழக்கம், ஆனால் பேரம் பேசும் தொனி வேண்டாம். "ஆச்சி, மாடிக்குப் போகலாமா?" என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். மாடி பல இடங்களில் அனுமதி இல்லை. பூட்டிய அறையின் சந்தில் போனை நுழைத்துப் படம் எடுப்பவர்களால்தான் வீடுகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன என்று ஒரு காவல்காரர் என்னிடம் வருத்தப்பட்டார்.

எல்லோரும் தூணையும் கூரையையும் பார்ப்பார்கள். வாசற்படியில் நின்று நேராக உள்ளே பாருங்கள். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று ஒன்றன் பின் ஒன்றாக வெளிச்சமும் இருட்டும் மாறி மாறிப் போய், கடைசிக் கதவுக்கு அப்பால் அடுத்த தெரு தெரியும். கதவுகள் அத்தனையும் திறந்திருந்தால்தான் தெரியும் என்பதால், திறந்து வைக்கச் சொல்லிக் கேட்பதில் தப்பில்லை.

9. ஆத்தங்குடி: 3:45-க்குள் போய்விடுங்கள்

முதலில் பட்டறை, பிறகு பெரிய வீடு. எல்லோரும் நேர்மாறாகச் செய்து பட்டறையைத் தவறவிடுகிறார்கள்.

பட்டறையில் ஒரு கல் ஊற்றி முடியும் வரை நின்று பாருங்கள், சில நிமிடங்கள்தான். கண்ணாடித் துண்டு ஒன்றைத் துடைத்து வைத்து, அதன் மேல் பூ வடிவ உலோக அச்சை வைக்கிறார்கள். அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் ஒரு நிறம், கரண்டியால் ஊற்றுகிறார்கள், மருதாணி இடுவது மாதிரி அலுங்காமல். அச்சைத் தூக்கும் நொடிதான் வித்தை. கை நடுங்கினால் சிவப்பு பச்சைக்குள் ஓடிவிடும். மேலே காய்ந்த சிமென்ட்டும் மணலும் தூவி, பின்பு ஈரக் கலவை போட்டுக் கரணையால் தட்டிச் சமன் செய்கிறார்கள். சூளை கிடையாது. தண்ணீரில் ஊறப்போட்டு, வெயிலில் காய வைக்கிறார்கள். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. நான் பார்த்தவர் ஓர் ஓரத்தில் நீலம் லேசாகக் கசிந்ததைச் சுண்டுவிரல் நகத்தால் வழித்துவிட்டு, நிமிராமலே "படத்துல இது விழுந்துருச்சா தம்பி?" என்று கேட்டார்.

நினைவுக்கு ஒன்றிரண்டு கல் வாங்கலாம். பத்து வாங்காதீர்கள். பத்து அங்குலக் கல் ஒன்றே இரண்டு கிலோவுக்கு மேல். வீட்டுத் தரைக்கு வேண்டுமென்றால் முகவரி கொடுத்து லாரியில் அனுப்பச் சொல்லுங்கள், உடையும் கல்லுக்காகக் கொஞ்சம் கூடுதலாக எண்ணிக்கை போட்டு.

பெரிய வீட்டுக்கு முக்கால் மணி நேரம் போதும்.

நேரம் மிச்சமிருந்தால் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள். பித்தளைச் சாமான், பீங்கான், கதவுத் துண்டு எல்லாம் கிடைக்கும். வெளிநாட்டு நண்பருக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை: 100 ஆண்டைத் தாண்டிய பழம்பொருளை இந்தியாவை விட்டு வெளியே கொண்டுபோக 1972-ம் ஆண்டுச் சட்டம் தனிநபரை அனுமதிப்பதில்லை. கடைக்காரர் "நூத்தம்பது வருசம்ணே" என்று பெருமையாகச் சொல்லும் பொருளை விமான நிலையத்தில் விளக்க வேண்டியவர் நீங்கள். பில் வாங்குங்கள், பொருள் புதிது என்றால் அதில் அப்படியே எழுதச் சொல்லுங்கள்.

10. செலவுக் கணக்கு

மாசியில் ஆறு பேருக்கு எங்களுக்கு ஆனது: ஏழு பேர் வண்டி, பேட்டா எல்லாம் சேர்த்து 4,400. கோட்டை, இணையத்தில் 120. இரண்டு வீட்டுக்குமாக 600. மெஸ் சாப்பாடு 1,500. டீ, தண்ணீர், தேங்காய், வெள்ளைப் பணியாரம் 500. மொத்தம் 7,120, ஆளுக்கு 1,200-க்குள். ரயில் தனி. சீப்பு சீடை, மாவுருண்டை வாங்கியதை அவரவர் கணக்கில் விட்டுவிட்டோம், இல்லையென்றால் சண்டை வந்திருக்கும்.

இரவு வண்டிக்கு ஒரு மணி நேரம் முன்பே ஸ்டேஷனில் இருங்கள். ஆத்தங்குடிக் கல் வைத்திருப்பவர் கீழ்ப் படுக்கை வாங்கிக்கொள்ளட்டும். போன தடவை கோவை நண்பன் எட்டுக் கல்லை மேல் படுக்கைக்கு ஏற்ற, நாங்கள் மூன்று பேர் கீழே இருந்து கைகொடுத்தோம்.